வராத மான்களின் சாட்சி

நிலக்காட்சிப் படமொன்றில், அங்கே நில்லாத விலங்கைக் கொண்டுவந்து பொருத்துவது இன்று எளிய வேலையாகிவிட்டது. உருவத்தைக் கத்தரித்தெடுத்து, ஒளி வரும் திசையை ஒப்பச்செய்து, காலடியில் நிழலொன்றையும் இட்டுவிட்டால் கண் அதனை நம்பிவிடுகிறது. இச்செயலைக் கலை என்பதா, பொய் என்பதா?

சேர்ப்பது ஒன்றே குற்றமாகிவிடாது. குறிஞ்சி பாடிய புலவன் மலைச்சாரலில் மயிலை ஆடவிட்டான். அம்மயில் அன்று அங்கே ஆடிற்றா என்று எவரும் அவனைக் கேட்டதில்லை. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்ததே அகப்பாட்டு என்பது தொல்காப்பியர் கொள்கை. பாடுவோனும் கேட்போனும் அறிந்து ஒப்பிய மரபு அது. செய்திப் புகைப்படமோ, ‘இது இவ்வாறு நிகழ்ந்தது’ என்று சாட்சி சொல்ல வருகின்றது. சாட்சிக்குக் கவியின் உரிமை இல்லை.

சீனாவில் கோல்முட் நகரிலிருந்து லாசா வரை 1,142 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதை 2006 யூலை முதலாந் திகதி திறக்கப்பட்டது. கோடைதோறும் கருவுற்ற திபெத்திய மான்கள் குட்டி ஈனுவதற்காகக் கடந்துசெல்லும் வழியை அப்பாதை ஊடறுக்கின்றது. விலையுயர்ந்த சால்வைகளுக்கான மென்மயிருக்காகப் பெருந்தொகையாக வேட்டையாடப்பட்ட இனம் அது. பாதையும் அதன் வாழ்வுக்குத் தடையாகுமோ என்ற அச்சம் எழுந்தது இயல்பே. அவ்வேளையில் லியூ வெய்சியாங் என்னும் பத்திரிகைப் புகைப்படக்காரரின் படமொன்று வெளிவந்தது. பாலத்தின்மேல் புகையிரதம் விரைகின்றது. கீழே மான்கூட்டம் அஞ்சாது செல்கின்றது. சீன மத்திய தொலைக்காட்சி அதனை அவ்வாண்டின் சிறந்த பத்துச் செய்திப் படங்களுள் ஒன்றாகப் போற்றியது. 2008 பெப்ரவரியில், கூர்ந்து நோக்கிய சிலர் இரு படங்கள் இணைந்த கோட்டினைக் கண்டனர். ஒட்டுவேலையை ஒப்புக்கொண்ட அவர் பதவி விலகினார். சின்குவா செய்தி நிறுவனம் மன்னிப்புக் கோரியது.

இங்கே ஒரு வாதம் எழலாம். அப்பாதையை அமைத்தோர் விலங்குகள் கடப்பதற்கென்றே 33 வழிகளை விட்டனர். மான்கள் பின்னர் அவற்றைப் பயன்படுத்தியும் வருகின்றன. அவ்வாறாயின் படம் கூறியது உண்மைதானே என்பர். இல்லை என்பதே நம் விடை. ‘இப்பாதை உங்களுக்கு ஊறு செய்கின்றதா?’ என்ற கேள்வி வாயில்லாப் பிராணிகளை நோக்கி எழுப்பப்பட்டது. வருவதாலும் வராமையாலும் மாத்திரமே அவை விடைகூற முடியும். அவ்விடைக்காகக் காத்திராது, அவற்றின் பெயரால் வேறொருவர் கையொப்பமிட்டார். அதனால், மெய்யாகவே மான்கள் கடக்கும் படம் வந்தபோதும் அதனை ஐயுறுவதற்கு இடமுண்டாயிற்று. நாலாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், மூச்சு வாங்கும் குளிரில் அப்பாதையை அமைத்த தொழிலாளரின் மெய்யான உழைப்பின் மீதும் பொய்யின் கறை படிந்தது. உண்மைக்குத் துணையாக வந்த பொய் உண்மையையே முதலிற் பலிகொள்கின்றது.

இஃது ஒரு நாட்டின் குற்றமன்று. அமெரிக்காவின் ‘நஷனல் ஜியோகிரபிக்’ சஞ்சிகை 1982 பெப்ரவரியில் தன் அட்டையின் அளவுக்குப் பொருந்துமாறு எகிப்தின் பிரமிட்டுகளையே நெருக்கி வைத்தது. அங்கே அட்டையின் அழகு. இங்கே சாதனையின் புகழ். ஆகவே, ‘படம் திருத்தப்பட்டதா?’ என்று கேட்பதுடன் நாம் நின்றுவிடலாகாது. ‘திருத்தம் யாருக்குப் பயன்பட்டது? யாருடைய விடையை அது மறைத்தது?’ என்றும் கேட்டல் வேண்டும். மாணவர்க்கு நாம் கற்பிக்க வேண்டிய வாசிப்பு இதுவே.

கற்பனைப் படம் செய்வோர் அதனைக் கற்பனையென்று கூறிச் செய்யட்டும், அவர்க்குத் தடையில்லை. ஆனால் ஓர் உயிரினத்தின் வாழ்வே வழக்கிலிருக்கும் இடத்தில், மான் வராத வெறுவெளியும் ஒரு சாட்சியே. அதனை நிரப்பிவிட எவருக்கும் உரிமையில்லை.