உழைத்த ஊருக்கு ஓர் உலாப் பாதை

2022 மே மாதம் சென்னை விருகம்பாக்கம் பத்மாவதி நகர் பிரதான சாலைக்குச் சின்னக் கலைவாணர் விவேக்கின் பெயர் வைக்கப்பட்டது. 2023 மார்ச்சில், டி.எம்.சௌந்தரராஜனின் நூற்றாண்டையொட்டி, அவர் வாழ்ந்த மந்தைவெளியில் ஒரு சாலை அவர் பெயரைப் பெற்றது. 2025 பிப்ரவரியில் நுங்கம்பாக்கம் காம்தார் நகரில் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் சாலை வந்தது. இவற்றுக்கெல்லாம் வெகுகாலம் முன்பே ராயப்பேட்டைப் பக்கத்து லாயிட்ஸ் சாலை அவ்வை சண்முகம் சாலையாகவும், தியாகராய நகரின் தெற்குப் போக் சாலை செவாலியே சிவாஜி கணேசன் சாலையாகவும் ஆகிவிட்டன. ஆளுநர்களுக்கும் தளபதிகளுக்கும் மட்டும் பெயர்ப்பலகை வைத்துப் பழகிய ஒரு நகரம், தன்னைச் சிரிக்கவும் பாடவும் வைத்தவர்களை நினைத்துப் பார்க்கத் தொடங்கியிருப்பது நல்ல மாற்றம். அதை மனமார வரவேற்றுக்கொண்டே இரண்டு கேள்விகளை எழுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு கலைஞருக்கு நகரம் செலுத்தும் நன்றி எந்த வடிவில் இருக்க வேண்டும்? அந்த நன்றி நகரத்தின் எந்தப் பகுதிவரை போய்ச் சேர வேண்டும்?

நன்றிக்கு ஒரு பொருத்தம் உண்டு. பெற்றது எதுவோ அதன் சாயல் திருப்பித் தருவதிலும் தெரிய வேண்டும். கல்விக்கு உதவியவர் நினைவாகப் பள்ளிக்கூடம் எழுப்புகிறோம். நோய் தீர்த்தவர் பெயரை மருத்துவமனைக்கு வைக்கிறோம். கேளிக்கைக் கலைஞர் நமக்குக் கொடுத்தது என்ன? நாள் முழுக்க உழைத்துக் களைத்தவனுக்கு இரண்டு மணி நேர இளைப்பாறல். வீட்டுக் கவலை, கடன் கவலை, மேஸ்திரியின் ஏச்சு எல்லாவற்றையும் சற்றே இறக்கிவைக்க ஓர் இடம். அப்படியானால் அவருக்குச் செய்யும் மரியாதையும் மனிதர்கள் இளைப்பாறும் ஓர் இடமாக இருப்பதே முறை. அமெரிக்காவில் வில் ரோஜர்ஸ் என்ற மேடைக் கலைஞர் இருந்தார். கயிறு வீசும் வித்தையோடு நாட்டு நடப்பைக் கேலியாகப் பேசிப் புகழ்பெற்றவர். 1935-இல் அலாஸ்காவில் விமான விபத்தில் இறந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் மலைச்சரிவில் இருந்த அவருடைய பண்ணை, 1944-இல் மனைவியும் மறைந்தபின், அவர் பெயரிலேயே பொதுப் பூங்காவானது. அங்கிருந்து மலையேறும் நடைபாதைகள் தலைமுறை தலைமுறையாக மக்கள் காலடி பட்டவை. 2025 ஜனவரியில் பரவிய காட்டுத்தீ அந்தப் பண்ணை வீட்டை எரித்துவிட்டது. ஆனால் அவர் நினைவு அந்த வீட்டில் மட்டும் இருக்கவில்லை, நடந்தவர்களிடமும் இருக்கிறது.

வாகனச் சாலைக்கு வைக்கும் பெயருக்கும் நடைபாதைக்கு வைக்கும் பெயருக்கும் இருக்கிற வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. சாலையின் பெயர் ஒரு விலாசம். கடிதத்துக்கும் ஆட்டோவுக்கும் உதவும். அதைத் தாண்டிப் போகிறவரிடம் அது எதையும் கேட்பதில்லை, எதையும் தருவதுமில்லை. நம் மாநகராட்சிப் பலகைகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். பெயருக்குக் கீழே வார்டு எண், மண்டலம், அஞ்சல் குறியீடு. பாதிப் பெயரை மறைத்தபடி ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, அதன் மேல் ஒரு டியூஷன் விளம்பரம். வைத்த நாளில் விழா நடக்கிறது. மறுநாள் முதல் அந்தப் பெயருக்காக நகரம் செய்ய வேண்டிய வேலை ஒன்றுமில்லை. நடைபாதை அப்படி அல்ல. அதைத் தினமும் பெருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், பெஞ்சு உடைந்தால் மாற்ற வேண்டும். பராமரிக்காத பாதையில் ஒரு கலைஞரின் பெயர் இருந்தால் அது அந்த நகரத்துக்கே தலைகுனிவு. ஆகவே, நடைபாதைக்குப் பெயர் வைப்பது நகரம் தன் கையால் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி ஆகிறது.

அந்த உறுதிமொழியை முதலில் பெற வேண்டியது வடசென்னைக் கடலோரம் என்பதே என் வாதம். காரணம் உணர்ச்சி சார்ந்தது மட்டுமல்ல; கணக்குச் சார்ந்தது. ராயபுரம் முதல் எண்ணூர் வரையான நிலம் நூற்றைம்பது ஆண்டுகளாக இந்த நகரத்துக்காக உழைத்து வந்திருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் டயர், மோட்டார் சைக்கிள், லாரி, தீப்பெட்டி எல்லாம் செய்யப்பட்டன. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை நகரத்துக்கு மின்சாரம் தந்து, சாம்பலை அக்கம்பக்கத்துக்கு விட்டது. இந்த உழைப்பை நகரம் எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு வண்ணாரப்பேட்டையிலிருந்து வடக்கே போகும் மெட்ரோ ரயிலின் நிலையப் பெயர்களே சான்று. காலடிப்பேட்டை, ஜோசப் காலெட் என்ற ஆங்கிலேய ஆளுநரின் நினைவு. டோல்கேட், சுங்கம் வசூலித்த சாவடியின் நினைவு. விம்கோ நகர், ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையின் நினைவு. ஆளுநரும் சுங்கச்சாவடியும் தொழிற்சாலையும் இருக்கும் அந்த வரிசையில், இங்கே உழைத்தவர்களுக்குப் பாடியவர் ஒருவரும் இல்லை.

நடக்கும் இடத்தைப் பொறுத்தவரை கணக்கு இன்னும் கூர்மையானது. நம் கரையோர மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். 1875-இல் சென்னைத் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. கடலுக்குள் நீண்ட சுவர்கள் அந்த மணலை வழிமறித்தன. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரை அரிக்கப்பட்டது. இன்று மெரினாவில் காலாற நடக்கிறோம். சிலைகளும் நினைவிடங்களும் அங்கேதான் நிற்கின்றன. வடக்கே கருங்கல் கொட்டிய தடுப்பும், கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவுகளும், எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகளும் இருக்கின்றன. ஒரே துறைமுகம் தெற்குக்கு உலாவும் மணலைக் கொடுத்து, வடக்கிடமிருந்து கரையையே எடுத்துக்கொண்டது. மெரினா அழகைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. வடசென்னைக்கு ஒரு கடலோர நடைபாதை கேட்பது சலுகை கேட்பது ஆகாது, வாங்கிய கடனைத் திருப்பிக் கேட்பதே ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் பாதைக்கு யார் பெயர்? இந்த மண்ணிலேயே விளைந்த கலை கானா. துறைமுகத்திலும் மார்க்கெட்டிலும் மூட்டை தூக்கியவர்கள், ரிக்‌ஷா மிதித்தவர்கள், மீன்பாடி வண்டி ஓட்டியவர்கள் வளர்த்த பாட்டு அது. சாவு வீட்டில் இரவு முழுக்க நடக்கும் மரண கானாவை அருகில் இருந்து கேட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். தெருவை அடைத்துப் போட்ட ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு டோலக். இறந்தவர் என்ன வேலை செய்தார், யாரை வளர்த்தார், யாரை விட்டுப் போகிறார் என்பதையெல்லாம் விசாரித்துக்கொண்டு பாடகர் அங்கேயே வரி கட்டுகிறார். செய்தித்தாளில் ஒரு வரிகூட வராத மனிதருக்கு அந்த இரவில் ஒரு வரலாறு கிடைக்கிறது. இந்தக் கலையைத் தமிழ்த் திரை இரு கை நீட்டி வாங்கிக்கொண்டது. தொண்ணூறுகளில் தேவாவின் இசை அதை எல்லா ஊருக்கும் கொண்டுபோனது. 2006-இல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதனும், 2012-இல் ‘அட்டகத்தி’யில் கானா பாலாவும் நாடெங்கும் ஒலித்தார்கள். 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் கானா இசைவாணி இடம்பெற்றார். உலகம் ஏற்றுக்கொண்ட பிறகாவது ஊர் மரியாதை செய்ய வேண்டாமா?

இதுவரை செய்யாததற்கு யாருடைய வெறுப்பும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. நம் வழக்கத்திலேயே ஒரு வடிகட்டி இருக்கிறது. கலைஞரின் வீடு இருந்த சாலைக்கு அவர் பெயர் வைப்பது வழக்கம். குடும்பத்தார் மனுக் கொடுக்கிறார்கள், அரசு ஆணை பிறப்பிக்கிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வழக்கம், சொந்த வீடு வாங்கும் அளவுக்குச் சம்பாதித்த கலைஞரை மட்டுமே தேர்ந்தெடுக்கும். வாரிய வீட்டில் வாடகைக்கு இருந்தவருக்கும், குடிசை இடிக்கப்பட்டுக் கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ அனுப்பப்பட்டவருக்கும் எந்தச் சாலையைக் கொடுப்பது? அவருடைய வீடு ஊரே என்பதால், அவருக்கு ஊர்ப் பொதுவான ஒரு பாதையைத்தான் கொடுக்க முடியும்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, படகுகளும் வலைகளும் கறுத்துப்போயின. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறித் தெருவில் ஓடினார்கள். முதலில் சுவாசிக்கக் காற்று வேண்டும், பிறகு பார்க்கலாம் பாதையும் பெயரும் என்று கேட்பவரின் கோபம் நியாயமானது. ஆனால் ‘முதலில் இது, பிறகு அது’ என்ற வரிசையை நாம் உழைக்கும் மக்களிடம் மட்டும்தான் சொல்கிறோம். பெசன்ட் நகரில் குப்பைப் பிரச்சினை தீர்ந்த பிறகு கடற்கரையில் நடக்கலாம் என்று யாரும் சொன்னதில்லை. இளைப்பாறல் தேவைகளின் கடைசியில் வைக்கப்பட்டால் அது வந்து சேராது. மேலும், மக்கள் நடக்காத கரையில் நடக்கும் தவறு வெளியே தெரியவே நாளாகிறது. காலையும் மாலையும் ஆயிரம் பேர் நடக்கிற இடத்தில் எண்ணெய் மிதந்தால் அன்றைக்கே கேள்வி எழும். பாதை என்பது தூய்மைக்குப் பிறகு வரும் அலங்காரம் அல்ல. தூய்மையைக் கேட்டு வாங்கும் கருவியும்கூட.

இன்னொரு எச்சரிக்கையை நான் முழுமையாக ஏற்கிறேன். பெயரும் பூங்காவும் மக்களை அப்புறப்படுத்தும் சாக்காக மாறக்கூடும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் பெயரில் 1980-இல் ஒரு பூங்கா திறக்கப்பட்டது. அது நிற்கும் நிலம், கறுப்பின மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்த ட்ரெமே பகுதியில் வீடுகளை இடித்துப் பெறப்பட்டது. அந்த இசையை வளர்த்த குடும்பங்களின் வாசல்கள் போய், இசைக்கலைஞரின் பெயர் அங்கே வந்தது. நம் ஊரிலும் 2023 ஏப்ரலில், பட்டினப்பாக்கம் லூப் சாலையில் போக்குவரத்தின் பேரால் மீன் கடைகள் அகற்றப்பட்டதைப் பார்த்தோம். ஆகவே வடசென்னைப் பாதை, வலை உலர்த்தும் இடத்தையும் படகு ஏற்றும் மணலையும் தொடாமல் வளைந்து போக வேண்டும். ஒரு குப்பத்தைக்கூட நகர்த்தாமல் போட முடிகிற நீளம் எவ்வளவோ அவ்வளவு போதும். அரை கிலோமீட்டர் என்றாலும் குறையில்லை.

கானாவில் ஆபாசம் இருக்கிறது, பெண்ணை இழிவாகப் பேசுகிறது, ரவுடியைப் புகழ்கிறது, இதற்கா மரியாதை என்று கேட்பவர்களும் உண்டு. அப்படிப்பட்ட பாட்டுகள் இருப்பது உண்மை; அவற்றை நான் காக்கப் போவதில்லை. ஆனால் ஒரு கலையை அதன் மோசமான மாதிரியால் அளப்பது எந்தக் கலைக்கும் நாம் செய்யாத அநீதி. நாடகமும் ஒருகாலத்தில் குடும்பத்தார் முகம் சுளித்த தொழில்தான். ‘கூத்தாடி’ என்பது வசைச் சொல்லாக இருந்த காலத்தில் பாலர் நாடகக் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்து, ஔவையார் வேடத்தால் பெயர் பெற்றவர்தான் டி.கே.சண்முகம். அவர் பெயரில் சாலை வந்தபோது நகரம் ஒரு தனி மனிதரை மட்டும் கௌரவிக்கவில்லை. ஒரு தொழிலையே வாசலுக்கு உள்ளே அழைத்துக்கொண்டது. கானாவுக்கும் அந்த அழைப்பு வேண்டும். மேலும், மரியாதை கிடைக்கும் இடத்தில் பொறுப்பும் வளரும். ஆண்களின் கோட்டையாக இருந்த அந்த மேடையில் பெண்கள் ஏறிப் பாடத் தொடங்கியதே, அந்தக் கலை தன்னைத் திருத்திக்கொள்ளும் வலிமை உடையது என்பதற்கு அத்தாட்சி.

உயிரோடு இருப்பவர் பெயரை வைக்கலாமா என்பது கடைசிக் கேள்வி. நாம் மேலே பார்த்த சாலைகளில் பெரும்பாலானவை மறைவுக்குப் பிறகு வந்தவை. பாலசுப்பிரமணியம் 2020-இல் மறைந்தார், சாலை 2025-இல் வந்தது. சௌந்தரராஜனுக்குப் பத்தாண்டு ஆயிற்று. உயிரோடு இருப்பவருக்கு வைத்தால் முகஸ்துதியும் கட்சி அரசியலும் புகும் என்ற அச்சம் அதிகாரத்தில் இருப்பவர் விஷயத்தில் மிகச் சரி. ஆனால் கையில் அதிகாரமோ பணமோ இல்லாத, எழுபது வயது கடந்த ஒரு பாடகருக்கு முகஸ்துதி செய்து யாருக்கு என்ன லாபம்? பிறர் சாவில் பாடியே வாழ்ந்தவருக்கு அவர் சாவுக்குப் பிறகுதான் மரியாதை என்பது கொடுமை. யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை மேடைப் புகழோ திரைப் புகழோ முடிவு செய்ய வேண்டாம். மாநகராட்சியில் இப்போது வார்டுதோறும் பகுதி சபைகள் உண்டு. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களின் சபைகள் கூடி, தங்கள் தெருக்களில் யார் பாடினார் என்று பேசி, ஒரு மூத்தவரைச் சொல்லட்டும்.

பெயர் வைத்தாலும் மக்கள் பழைய பெயரையே சொல்வார்கள், மவுன்ட் ரோடு இன்றும் மவுன்ட் ரோடுதானே என்பார்கள். புதிதாகப் போடும் பாதைக்கு மறக்க வேண்டிய பழைய பெயர் இல்லை. அதைவிட முக்கியம், பெயர் நிலைப்பது பலகையால் அல்ல, வருகிறவர்களால். திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் அடங்கிய இடத்துக்கு மக்கள் இன்றும் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர் பெயரைக் காப்பாற்ற எந்த ஆணையும் தேவைப்படவில்லை. 2024 மார்ச்சில் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் சாலைக்கும் கட்டடத்துக்கும் பணம் ஒதுக்கப்படுகிறது. அதில் ஒரு பங்கைக் கரையோர நடைபாதைக்கு ஒதுக்கி, விளக்கும் கழிப்பறையும் குடிநீரும் வைத்து, இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவரும் மீன் விற்றுத் திரும்பும் பெண்களும் அச்சமின்றி உட்காரும்படி செய்து, அதற்கு இந்த மண்ணின் ஒரு பாடகர் பெயரை, அவர் கேட்டு மகிழும் காலத்திலேயே, வைக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு ஆகும் செலவைப் போல அடுத்தடுத்த ஆண்டுகளின் பராமரிப்புக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி எழுதப்படும் நாளில்தான் நகரம் நன்றி சொன்னதாக நான் ஒப்புக்கொள்வேன்.