லேசாத்தானே அடிக்குது!

மீன் தொட்டிக்குள் கையை விட்டாய். விரல் நுனியில் சுருக்கென்றது.

கையை எடுத்தாய். உதறினாய். அப்புறம் என்ன செய்தாய்?

செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் கையை விட்டாய்!

இல்லை என்று சொல்லாதே. நானும் அதைத்தான் செய்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வாரம்.

"லேசாத்தானே அடிக்குது." இந்த ஒரே வரியை வைத்துக்கொண்டு மூன்று வாரத்தை ஓட்டினேன்.

இரண்டடித் தொட்டி. நாலு ஏஞ்சல். மேலே தகர மூடி, மூடிக்குள் ஒரு டியூப் லைட். அந்த விளக்கும் அப்போது விட்டு விட்டுத்தான் எரிந்தது. ஸ்டார்ட்டரை மாற்றினேன். சரியாகவில்லை. இன்னொன்று மாற்றினேன். மூன்றாவது ஸ்டார்ட்டர் வாங்கப் போனபோது கடைக்காரரே சிரித்துவிட்டார்.

நாலாவது ஞாயிறு தண்ணீர் மாற்றும் நாள். மொசைக் தரை முழுக்க ஈரம். காலில் செருப்பு இல்லை. மூடியைத் தூக்கக் கை வைத்தேன்.

தூக்கி எறிந்தது. முழங்கை பீரோவில் மோதி வீங்கிப் போனது. எறிந்ததால் பிழைத்தேன். பிடித்து வைத்திருந்தால்?

தொட்டிக்குள் மீன்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி நீந்திக்கொண்டிருந்தன!

இதைக் கவனி. "மீனுக்கே ஒன்றும் ஆகவில்லை, நமக்கு என்ன ஆகும்" என்று சொல்கிறாயே, அது எவ்வளவு பெரிய ஏமாற்று தெரியுமா?

மின்கம்பியில் உட்கார்ந்த காக்காய் சாகிறதா? கரண்டுக்குப் போக வழி வேண்டும். கண்ணாடித் தொட்டிக்குள் மீனுக்கு வெளியே வழி இல்லை. வெறுங்காலோடு தரையில் நின்று கையை உள்ளே விடுகிறாய் பார், நீதான் அந்த வழி!

மீன் நீந்துவது சாட்சி இல்லை. நீ இதுவரை சாகாததும் சாட்சி இல்லை.

"எங்க வீட்டில் எம்.சி.பி. இருக்கே!"

இருக்கட்டும், மெயின் போர்டில் தானாக விழுகிற அந்தச் சுவிட்ச். அது எதற்காக இருக்கிறது என்று என்றைக்காவது கேட்டாயா? வயர் எரியாமல் காப்பதற்கு. உன்னைக் காப்பதற்கு இல்லை!

கணக்குப் போடு. விளக்கு 20 வாட். ஃபில்டர் 15 வாட். ஹீட்டர் 100 வாட். மொத்தம் 135. நம் வீட்டு 230 வோல்ட்டில் அது ஒரு ஆம்பியர்கூட இல்லை. 6 ஆம்பியர் எம்.சி.பி. ஏன் விழப்போகிறது?

உன் உடம்புக்கு எவ்வளவு போதும் தெரியுமா? 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பலருக்குக் கை இறுகிப் பிடித்துக்கொள்ளும், விட முடியாது. 30 தாண்டினால் மூச்சுக்கே ஆபத்து. அதற்கும் மேலே போனால் இதயம் தாளம் தப்பும்.

30 மில்லி ஆம்பியர் என்பது 6 ஆம்பியரில் 200-ல் ஒரு பங்கு. உன்னைக் கொல்கிற கரண்ட் அந்த எம்.சி.பி.யின் கண்ணுக்கே தெரியாது!

அதைப் பார்க்கிற கண் வேறு. ஆர்.சி.சி.பி. என்று பெயர். பேஸில் போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தால், அந்தக் கொஞ்சம் வேறு எங்கோ, யார் உடம்பு வழியாகவோ போகிறது என்று பொருள். உடனே துண்டித்துவிடும்.

அமெரிக்காவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில், சார்லஸ் டால்சியல் என்று ஒரு பேராசிரியர். எத்தனை கரண்டில் மனிதனால் கையை விட முடியாமல் போகிறது என்பதைத் தன்னார்வலர்களை வைத்து வருடக்கணக்காக அளந்தார். அந்த அறிவிலிருந்துதான் 1961-ல் இப்படித் துண்டிக்கும் கருவியை உருவாக்கினார். அந்த நாட்டில் அது 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே துண்டிக்கிறது. நம் வீடுகளுக்கு 30.

எத்தனையோ பேர் கையில் கரண்டை வாங்கி அளந்து கொடுத்த அறிவு அது. நீ இன்னும் செருப்பை நம்பிக்கொண்டிருக்கிறாய்!

"எனக்குக் கரண்ட் வேலை ஒன்றும் தெரியாது. நான் ஆர்ட்ஸ் குரூப்."

பிளக்கைப் பிடுங்கத் தெரியுமா? அப்படியானால் பாதி வேலை தெரியும்.

சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் போய்ப் பார். வீட்டுக் கொல்லையில், மொட்டை மாடியில் தொட்டி தொட்டியாகக் கலர் மீன் வளர்த்துப் பிழைக்கிற குடும்பங்கள். நாள் முழுக்க ஈரத் தரை, தலைக்கு மேல் வயர், கைக்கெட்டும் தூரத்தில் மோட்டார். அவர்கள் எல்லோரும் பாலிடெக்னிக் படித்துவிட்டா வந்தார்கள்? பார்த்துக் கற்றார்கள். கேட்டுக் கற்றார்கள். உன்னால் ஏன் முடியாது?

எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அப்படி ஒரு மீன்காரர்தான். வீங்கிய முழங்கையோடு போய் நின்றேன். அவர் அனுதாபப்படவே இல்லை. "எல்லாத்தையும் பிடுங்குங்க சார். ஒவ்வொண்ணா சொருகுங்க. எது பொய் சொல்லுதுன்னு தெரியும்" என்றார்.

அவ்வளவுதான் வித்தை! ஆனால் அதைச் செய்யத்தான் நமக்குப் பயம். ஷாக்குக்கான பயம் இல்லை அது. "கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்ய வேண்டி வருமே" என்ற பயம்!

வா, செய்வோம். முதலில் கையைத் துடை. காலில் ரப்பர் செருப்பைப் போடு. இப்போது போடு, அது தப்பே இல்லை. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக நிற்காதே. எல்லாப் பிளக்கையும் கழற்று.

ஏன் சுவிட்ச் போதாது? சில வீடுகளில் வயரை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். சுவிட்ச் நியூட்ரலை வெட்டும், பேஸ் அப்படியே விளக்குக்குள் உட்கார்ந்திருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக மினுக்குகிறதா? பேய் இல்லை. இதுவாக இருக்கலாம். எலக்ட்ரீஷியனிடம் முதலில் சொல்ல வேண்டிய சங்கதி.

அடுத்து மல்டிமீட்டர். பெரிய விலை இல்லை. ஏசி வோல்ட்டில் வை. ஒரு கம்பி தண்ணீரில், இன்னொன்று நல்ல எர்த்தில். ஒவ்வொரு கருவியாகச் சொருகி எண்ணைப் பார். கம்பியின் பிளாஸ்டிக் பிடியை மட்டும் பிடி. விரலைத் தண்ணீரில் விட்டுச் சோதிக்கிற வீரம் வேண்டவே வேண்டாம்!

ஏதோ ஒன்றைச் சொருகியதும் எண் குபீரென்று எகிறுகிறதா? அகப்பட்டான் திருடன்.

சில நேரம் எல்லாம் நன்றாக இருந்தும் சில பத்து வோல்ட் காட்டும். பக்கத்து வயரிலிருந்து வரும் தூண்டல் அது. ஆனால் "தூண்டல்தான்" என்று நீயே தீர்ப்பு எழுதாதே. அதுவும் இன்னொரு "லேசாத்தானே". தெரிந்தவர் பார்த்துச் சொல்லட்டும்.

நான் யாரைச் சந்தேகித்தேன் தெரியுமா? ஃபில்டரை. தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது, அதுதான் குற்றவாளி என்று முடிவே கட்டிவிட்டேன். ஃபில்டரைச் சொருகினேன், ஒன்றுமில்லை. ஹீட்டர், ஒன்றுமில்லை. விளக்கைச் சொருகினேன்.

எண் 200-ஐத் தாண்டியது!

பிளக்கைப் பிடுங்கி மூடியைப் பிரித்தேன். டியூப் ஹோல்டர் ஈரத்தில் ஊறி விரிசல் விட்டிருந்தது. வயரின் இரண்டு இழைகள் பிய்ந்து வெளியே வந்து தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. அதற்கு மேல் யாரோ செலோ டேப் சுற்றியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, நான்தான்!

விளக்கு விட்டு விட்டு எரிந்ததும் அந்த இழையால். மூடி ஷாக் அடித்ததும் அந்த இழையால். மூன்று வாரமாக விளக்கு கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி என்னைக் கூப்பிட்டிருக்கிறது. நான் அதன் வாயில் ஸ்டார்ட்டரைத் திணித்துக்கொண்டிருந்தேன்!

இன்னொன்று. அது இரண்டு பின் பிளக். எர்த்தே கிடையாது. மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் தடித்த பின் மற்ற இரண்டையும்விட நீளம், பார்த்திருக்கிறாயா? சொருகும்போது முதலில் தொடுவதும் கழற்றும்போது கடைசியில் விடுவதும் அதுதான். அந்தத் தகர மூடிக்கு நல்ல எர்த் இருந்திருந்தால் வயர் தொட்ட அன்றைக்கே எம்.சி.பி. விழுந்திருக்கும். அந்தப் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுகிறவனை என்னவென்று சொல்வது?

உன் வீட்டில் எல்.இ.டி. விளக்கா? இன்னும் சுலபம். எரியவில்லை என்றதும் புது விளக்கு வாங்க ஓடாதே. அடாப்டரைப் பார். பெரும்பாலும் 12 வோல்ட் டிசி என்று அச்சடித்திருக்கும். மல்டிமீட்டரை டிசிக்கு மாற்றி அதன் முனையில் வை. 12 வருகிறதா? அடாப்டர் நல்லவன், கோளாறு விளக்குப் பக்கம். வரவில்லையா? அடாப்டர் போய்விட்டது. இரண்டு நிமிட வேலை!

அடாப்டர் சரி, விளக்கு எரியவில்லை. இணைப்பு முனையைக் கழற்றிப் பார். பச்சை படிந்திருக்கும். எப்போதும் ஆவியில் வேகிற உலோகம், களிம்பு பிடிக்காமல் என்ன செய்யும்? கரண்டை எடுத்துவிட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய். பட்டை விளக்கில் வரிசையாக மூன்று மட்டும் எரியவில்லையா? 12 வோல்ட் பட்டையில் மூன்று மூன்றாகத்தான் கோத்திருப்பார்கள். ஒன்று செத்தால் அதன் கூட்டாளி இரண்டும் இருளும்.

இது தெரிந்தபின் இருட்டுத் தொட்டி உன்னை மிரட்டுமா? மிரட்டாது!

வயர் எப்படிப் போகிறது என்று ஒரு முறை குனிந்து பார். மழை நாளில் கொடிக்கயிற்றைக் கவனித்திருக்கிறாயா? துளியெல்லாம் தொய்ந்த இடத்துக்கு ஓடிவந்து அங்கேதான் சொட்டும். உன் வயரிலும் அப்படித்தான். தொட்டியிலிருந்து இறங்கும் வயர் நேராகப் பிளக்குக்குப் போனால் துளியும் நேராகப் பிளக்குக்குள் போகும். பிளக்குக்கு ஒரு சாண் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலேற்றிச் சொருகு. காசு செலவில்லை. ஏன் இன்னும் செய்யவில்லை?

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தொட்டிக்கு நேர் கீழே தரையில் கிடக்கிறதா? எடு. சுவரில் உயரே மாட்டு.

ஏர் மோட்டாரை நீர்மட்டத்துக்குக் கீழே வைத்திருக்கிறாயா? கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே மோட்டாருக்குள் இறங்கும். மேலே தூக்கி வை. முடியாவிட்டால் குழாயில் ஒருவழி வால்வு போடு. ஹீட்டரை வெளியே எடுப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றிக் கால் மணி நேரம் ஆறவிடு, இல்லாவிட்டால் கண்ணாடி வெடிக்கும்.

இவ்வளவும் உன் கைக்கு எட்டுகிற வேலை. எட்டாத வேலையும் இருக்கிறது. சுவருக்குள் ஓடும் வயர், மெயின் போர்டு, எர்த் குழி. அங்கே கை வைக்காதே! தகுதியான எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. "30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும், எர்த்தையும் பார்த்துக் கொடுங்கள்" என்று வாய் திறந்து கேள். "எதுக்கு சார் இதெல்லாம்" என்பார். அங்கே நில். அசையாதே. தன்னம்பிக்கை என்றால் லைவ் வயரைத் தொடுவது என்று எவன் சொன்னான்?

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தண்ணீரில் விழுந்துவிட்டால்? பாய்ந்து எடுக்காதே. மெயினை அணை. வீட்டில் யாரையாவது கரண்ட் பிடித்துக்கொண்டால்? தொட்டு இழுக்காதே. மெயினை அணை, பிறகு 108. இந்த இரண்டு வரியை வீட்டில் எல்லோருக்கும் சொல். மீனுக்குத் தீனி போட ஸ்டூலில் ஏறுகிறதே அந்தக் குழந்தை, அதற்கும் சொல்.

என்ன, இன்னும் உட்கார்ந்திருக்கிறாயா?

"ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்கிறாய். நானும் மூன்று வாரம் அப்படித்தான் சொன்னேன். முழங்கை வீங்கியதும் ஞாயிற்றுக்கிழமைதான்!

எழுந்திரு. மெயின் போர்டைத் திற. ஆர்.சி.சி.பி.யில் 'T' என்று போட்ட சின்னப் பொத்தான் இருக்கும். அழுத்து.

டக்கென்று விழுந்ததா? நல்லது, திரும்ப ஏற்றிவிட்டு வந்து பிளக்கைக் கழற்று, வேலையை ஆரம்பி.

விழவில்லையா? அந்தப் பொத்தானே இல்லையா? அப்படியானால் எலக்ட்ரீஷியன் வந்துபோகும்வரை தொட்டியில் கை வைக்காதே.