மாரீசன் குரலும் அனுமன் குரலும்



நம்ம கோவில்களில் சுந்தர காண்டம் எதற்காகப் படிக்கிறோம் என்று கேட்டால், நினைத்த காரியம் கைகூடும், வேலை கிடைக்கும், கல்யாணம் நடக்கும் என்பார்கள். நடக்கட்டும், நல்லதுதான். இந்த மாதம் அதை வேறொரு காரணத்துக்காக உங்களைத் திறக்கச் சொல்கிறேன். வீட்டில் உங்க பாட்டி கையில் ஒரு கைப்பேசி இருக்கிறதே, அதற்காக.

சிரிக்காதீங்க. முதலில் ஆரணிய காண்டத்தை நினைவுபடுத்திப் பாருங்க. பொன்மானைத் துரத்திக்கொண்டு இராமன் காட்டுக்குள் போய்விட்டான். அம்பு பட்டுச் சாகும் நேரத்தில் மாரீசன் என்ன செய்தான்? இராமனுடைய குரலிலேயே சீதையையும் இலக்குவனையும் கூப்பிட்டு அலறினான். ஆளைக் காணோம், குரல் மட்டும் வந்தது. சீதை பதறிப்போனாள். இது அண்ணன் குரல் இல்லை, அரக்கர் மாயை என்று இலக்குவன் சொன்னான். அவள் கேட்கவில்லை. அவனைக் கடுமையாகத் திட்டி, போ என்று அனுப்பிவிட்டாள்.

அதனால் சீதை அறிவில்லாதவள் என்று நம்மில் யாராவது சொல்வோமா? ஜனகன் வீட்டில் வளர்ந்தவள். பாசம் எங்கே அதிகமோ அங்கேதான் மாரீசன் கை வைக்கிறான்.

இருந்த ஒரு காவலையும் அந்தக் குரல் வெளியே அனுப்பிவிட்டது. அதற்குப் பிறகுதான் இராவணன் வருகிறான். பத்துத் தலையோடு வரவில்லை. காவி கட்டி, கமண்டலம் ஏந்தி, சந்நியாசியாக வருகிறான். நீ யார் என்று அவன் கேட்டதும் சீதை தன் கதையை முழுக்கச் சொல்கிறாள். முன்பின் தெரியாதவனிடம் ஏன் சொன்னாள்? வால்மீகி காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார். வந்திருப்பவர் விருந்தாளி, அந்தணர். பதில் சொல்லாவிட்டால் சபித்துவிடுவாரோ என்ற பயம். (இலக்குவன் போட்ட கோடு என்று நாடகத்தில் காட்டுவார்களே, அது வால்மீகியில் கிடையாது. கோடு இருந்திருந்தாலும் அந்தப் பயம் அவளைத் தாண்ட வைத்திருக்கும்.)

இதை அப்படியே நம்ம நாட்டுக்குக் கொண்டு வாங்க. மக்காவ் மோசடி என்று நாளிதழில் வாரம் தவறாமல் படிக்கிறீர்கள். கூரியர் கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒருவன் அழைப்பான். உங்க ஐசி நம்பரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கு, உள்ளே போதைப்பொருள் என்பான். போலீசுக்கு மாற்றுகிறேன் என்று சொல்லி இன்னொருவனிடம் லைனைக் கொடுப்பான். அந்த இன்னொருவன்தான் காவி கட்டியவன். கனத்த குரல், மரியாதையான பேச்சு. கடைசியில் ஒன்று சொல்வான்: இது ரகசிய விசாரணை, லைனை வைக்காதீங்க, பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதீங்க. அந்த வார்த்தையோடு இலக்குவன் ஆசிரமத்தை விட்டு வெளியே போய்விடுகிறான்.

திரையில் நம்பர் தெரியுமே, அதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பீர்கள். வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியாகப் பேசிய காலத்தில், அழைப்பு எந்த இணைப்பிலிருந்து வருகிறது என்பது எக்ஸ்சேஞ்சுக்கே தெரியும். இணையம் வழி அழைக்கும்போது, இன்ன நம்பரிலிருந்து வருகிறது என்ற தகவலை அழைக்கிறவன் பக்கத்திலேயே எழுதி அனுப்ப முடியும். வழியில் யாரும் தடுக்காவிட்டால் போலீஸ் நிலையத்தின் நம்பரே திரையில் வந்து நிற்கும். நம்பருக்கும் காவி கட்டலாம், தம்பி. குரலுக்கும்தான். சில வினாடி ஒலிப்பதிவு கிடைத்தால் ஒருவர் குரலைப் போலவே பேசும் மென்பொருள் வந்துவிட்டது. நீங்கள் டிக்டாக்கில் போடுகிற காணொளியே அதற்குப் போதும். மாரீசன் அதற்காக ஓர் அம்பு வாங்கிச் சாக வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்தச் செலவும் இல்லை.

எங்கள் கோவிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வரும் ஓர் அம்மா, தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், இப்படி 28 ஆயிரம் ரிங்கிட்டை இழந்தார். இபிஎஃப் பணம். ஆறுதல் சொல்லலாம் என்று நாங்கள் நாலு பேர் வீட்டுக்குப் போனோம். அவர் அழவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னார். நடுவில் ஒரு வார்த்தை சொன்னார் பாருங்க, அதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "அந்தத் தம்பி ரொம்ப மரியாதையாப் பேசுச்சு சாமி. மூணு மணி நேரம் லைன்லயே இருந்துச்சு. நடுவுல, சாப்பிட்டீங்களாம்மான்னு கேட்டுச்சு."

திருடன் கேட்டிருக்கிறான், சாப்பிட்டீங்களா என்று.

அவர் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். விடியற்காலையில் எழுந்து ஜொகூர் பாலத்தைத் தாண்டிப் போய், இரவு வீடு திரும்புகிறவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்குப் புதுக் கைப்பேசி வாங்கிக் கொடுத்ததே அவர்தான். வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பும் இருக்கிறது. தினமும் காலையில் முருகன் படம் அனுப்புகிறார். ஆனால் அந்த மூன்று மணி நேரம் போல ஒருவர் அந்த அம்மாவோடு உட்கார்ந்து பேசி எத்தனை வருடம் ஆகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடமும் அது இல்லை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நம்ம தாத்தா பாட்டி பலர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அங்கே போன் இருந்தது ஆபீசில். ஆபீசில் கூப்பிடுறாங்க என்றால் கிராணியோ துரையோ ஏதோ தப்புக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தப் பயம் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த பிறகும் போகவில்லை. சீதைக்குச் சாப பயம், இவர்களுக்கு ஆபீஸ் பயம்.

சரி, நாம் என்ன செய்கிறோம்? எச்சரிக்கைப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். பொய்ச் செய்தி பரவுவதைக் குறைக்க, ஒரு செய்தியை ஒரு தடவையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று 2019-இல் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டு வந்தது. நாம் சளைக்காமல் ஐந்தைந்தாக அனுப்புகிறோம்! பாட்டி அதற்குக் கும்பிடும் கையைப் போடுகிறார். படித்தாரா என்பது வேறு விஷயம்.

இங்கேதான் சுந்தர காண்டத்தைத் திறக்கச் சொல்கிறேன். அசோகவனத்தில் அனுமன் மரத்து மேலே மறைந்து உட்கார்ந்திருக்கிறான். கீழே சீதை. கையில் இராமனுடைய மோதிரம் இருக்கிறது. குதித்து இறங்கி நீட்டியிருக்கலாமே? செய்யவில்லை, யோசிக்கிறான். இவள் ஒரு முறை ஏமாற்றப்பட்டவள். நான் பண்டிதனைப் போல சமஸ்கிருதத்தில் பேசினால் இராவணன்தான் வந்துவிட்டான் என்று அலறுவாள். ஆகவே மனிதர்கள் பேசுகிற சாதாரண பேச்சில் பேசுவோம் என்று முடிவெடுக்கிறான். எடுத்ததும் செய்தியைச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த கதையை, தசரதனில் தொடங்கி, அவள் காதில் மட்டும் விழும்படி மெல்லச் சொல்கிறான். அப்படியும் சீதை நம்பவில்லை. இராமனுடைய உடல் அடையாளங்களைச் சொல் என்கிறாள், வானரத்துக்கும் மனிதனுக்கும் நட்பு எப்படி வந்தது என்கிறாள். அத்தனைக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் மோதிரத்தைக் கொடுக்கிறான். என்னையே சந்தேகப்படுகிறீர்களா என்று அவன் கோபித்துக்கொள்ளவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்க. போனில் பாட்டி "நீ யாரு, எந்தப் பேரன்?" என்று மூன்று தடவை கேட்டால் நமக்கு எரிச்சல் வருகிறதல்லவா? கேட்கட்டும். கேட்கப் பழகியவரை ஏமாற்றுவது கஷ்டம்.

திரும்பிப் போகும்போது அனுமன் ஓர் அடையாளம் கேட்கிறான். சீதை சூடாமணியைக் கொடுக்கிறாள், கூடவே ஒரு காக்கையின் கதையையும் சொல்லி அனுப்புகிறாள். சித்திரகூடத்தில் அவளும் இராமனும் மட்டும் இருந்தபோது நடந்தது அது. நகையைத் திருடலாம், அந்தக் கதையை எப்படித் திருடுவது? வங்கிக்காரர்கள் ரகசிய எண் என்று இன்று கேட்பதை அவள் ஒரு காக்கையை வைத்து முடித்துவிட்டாள். உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்க. அவசரம், பணம் அனுப்பு என்று யார் பேசினாலும், உங்கள் குரலிலேயே பேசினாலும், பாட்டி முதலில் அதைக் கேட்கட்டும். வெறும் கடவுச்சொல் என்றால் பாட்டிக்கு மறந்துவிடும். கதை என்றால் மறக்காது.

ஆனால் அப்படி ஒரு கதை உங்களுக்கும் பாட்டிக்கும் நடுவில் இருக்க வேண்டுமே! அதற்குத்தான் பேசச் சொல்கிறேன். பேசுவதைவிட, கேட்கச் சொல்கிறேன். சைவ சித்தாந்தத்தில் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று படிகள் உண்டு. கேட்டல்தான் முதல் படி. பாகவதத்தில் பிரகலாதன் சொன்ன ஒன்பது வகைப் பக்தியிலும் கேட்பதுதான் முதலாவது. தேவார வகுப்பில் இதை மனப்பாடம் செய்கிறோம், பாட்டி பேச ஆரம்பித்தால் காதில் இயர்போனை மாட்டுகிறோம்.

கைப்பேசியில் ஒரு நுட்பம் உண்டு. நீங்கள் பேசாமல் இருக்கும் நேரத்தில் உங்கள் பக்கத்து ஒலியை அது தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருப்பதில்லை. மறுமுனையில் இருக்கும் கருவி தானாகவே மெல்லிய இரைச்சல் ஒன்றை உண்டாக்கும். முழு அமைதியாக இருந்தால் லைன் அறுந்துவிட்டது என்று எதிரில் இருப்பவர் நினைத்துவிடுவார் என்பதற்காகப் பொறியாளர்கள் செய்த ஏற்பாடு அது. வயதானவர்களுக்கு அந்த இரைச்சல் போதாது. நீங்கள் "ம்" கொட்ட வேண்டும்.

முடிந்தால் சாதாரண அழைப்பிலேயே பேசுங்க. இணைய அழைப்பில் குரல் சின்னச் சின்னத் துண்டாக உடைந்து தனித்தனியாகப் போகிறது. நேரத்துக்கு வந்து சேராத துண்டைக் கருவி தள்ளிவிடும். இளங்காது அதைச் சமாளித்துவிடும். எழுபது வயதுக் காதுக்குச் சிரமம். பாட்டி எந்த வழியில் தெளிவாகக் கேட்பாரோ அந்த வழி. அனுமன் மொழியைத் தேர்ந்தெடுத்த மாதிரி.

யாருக்காவது இப்படி நடந்துவிட்டால், திட்டிக்கொண்டு நிற்காமல் உடனே 997-க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் அது. பணம் கை மாறிப் போவதற்குள் தடுக்க வேண்டும் என்பதால், அழுவதையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒட்டுங்க.

எங்கள் கிளையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஆளுக்கு ஒரு மூத்தவரை அழைத்துப் பேசுவது என்று வைத்திருக்கிறோம். சொந்தப் பாட்டி தாத்தா இருந்தால் முதலில் அவர்களுக்கு. மூன்றாவது வாரமே ஒரு தம்பி என்னிடம் புகாரோடு வந்தான். "ஐயா, பாட்டி போன வாரம் சொன்ன கதையையே இந்த வாரமும் சொல்றாங்க."

"நல்லதுப்பா. யாராவது உன் குரல்ல பேசினா, அவனுக்கு அந்தக் கதை தெரியுமா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு அந்தக் கதையை எனக்கே சொன்னான், சிரித்துச் சிரித்து. தோட்டத்து லயத்தில் ஓர் ஆடு, தாத்தாவின் சம்பளக் கவரைத் தின்ற கதை.