மிச்சில்

'எக்ஸ்ட்ரா' என்ற ஆங்கிலச் சொல் நம் பேச்சில் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. உணவு விடுதியில் எக்ஸ்ட்ரா சாம்பார் கேட்கிறோம். அலுவலகத்தில் எக்ஸ்ட்ரா நேரம் உழைத்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். அகராதியைப் புரட்டினால் இதற்கு இணையாக மிகுதி, மிகை, உபரி, அதிகம், கூடுதல், மீதி, மிச்சம், எச்சம் என்று ஒரு நீண்ட வரிசை கிடைக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றே. சற்று நின்று பார்த்தால், 'எனக்கு எவ்வளவு போதும்?' என்ற வினாவுக்கு ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறு இடத்திலிருந்து விடை சொல்வது புலப்படும்.

'எக்ஸ்ட்ரா' என்பதன் இலத்தீன் மூலத்துக்கு 'வெளியே' என்பது பொருள். எங்கோ ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. அதற்கு அப்பால் கிடப்பது எக்ஸ்ட்ரா. 'உபரி' என்னும் வடசொல்லுக்கு 'மேலே' என்று பொருள். நிறைந்த பாத்திரத்தின் விளிம்புக்கு மேல் நிற்பது அது. 'மிகை' என்னும் தமிழ்ச்சொல்லுக்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு. நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களுள் 'மிகைபடக் கூறல்' ஒன்றல்லவா? எனக்கு இவற்றுள் மிகவும் பிடித்தது 'எச்சம்'. பெயரெச்சம், வினையெச்சம் என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம். அவை முற்றுப்பெறாத சொற்கள். இன்னொரு சொல் வந்து சேரும்வரை பொருள் நிறையாமல் காத்து நிற்பவை. எஞ்சி நிற்பதை இலக்கணக்காரர் நிறைவின்மையாகக் கண்டார். நாமோ அதைச் செல்வம் என்கிறோம்.

கிரிக்கெட்டிலும் எக்ஸ்ட்ரா உண்டு. வைடு, பை, லெக்பை ஆகியவற்றால் வரும் உதிரி ஓட்டங்கள் எந்த மட்டையாளரின் பெயரிலும் எழுதப்படுவதில்லை. நேராக அணியின் கணக்கில் சேர்கின்றன. 'நான் அடித்தது' என்று எவரும் சொல்ல இயலாத ஓட்டங்கள் அவை!

சரி, அந்த எல்லைக்கோட்டை வரைவது யார்? சாந்திரமான முறையில் பன்னிரண்டு மாதங்களுக்குச் சுமார் 354 நாட்கள். சூரிய ஆண்டுக்கு 365 நாட்களுக்குச் சற்று அதிகம். ஆண்டுதோறும் விழும் ஏறத்தாழ 11 நாள் இடைவெளியை ஈடுகட்ட, சுமார் 32 அல்லது 33 மாதங்களுக்கு ஒருமுறை 'அதிக மாசம்' சேர்க்கப்படுகிறது. சௌரமானத்தைப் பின்பற்றும் தமிழ் நாள்காட்டியில் இது இல்லை. ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம், வடநாடு ஆகியவற்றில் வாழும் நம் அன்பர்கள் இதை நன்கு அறிவார்கள். 2023-இல் அங்கெல்லாம் சிராவண மாதம் இருமுறை வந்தது. அந்த ஆண்டு வானில் ஒரு நாள்கூட அதிகமாக விடியவில்லை. கணக்கு மாறியதால் ஒரு மாதம் 'கூடுதல்' ஆயிற்று. கணக்கில் இடமற்ற அந்த மாதத்தை 'மல மாசம்' என்று ஒதுக்கித் திருமணம் முதலியவற்றைத் தவிர்த்தார்கள். எவருக்கும் வேண்டாத அம்மாதத்துக்குத் திருமால் 'புருஷோத்தமன்' என்ற தம் பெயரையே அளித்து ஏற்றுக்கொண்டார் என்பது புராணம். இன்று அது தானத்துக்கும் ஜபத்துக்கும் உரிய மாதம். மராட்டிய வீடுகளில் 33 அனாரசப் பணியாரங்களை மருமகனுக்குக் கொடுப்பது அம்மாதத்து வழக்கம்.

பஞ்சாங்கக் கணக்கில் இது இனிய கதை. உணவுக் கணக்கில் அவ்வாறு இல்லை. 2001-ஆம் ஆண்டின் நடுவில் மத்திய அரசின் தானியக் கையிருப்பு சுமார் 6 கோடி டன். அவசரத்துக்கென வைத்திருக்க வேண்டிய அளவைப்போல் இரு மடங்குக்கும் மேல். அதைக் காக்க இடம் போதவில்லை. அதே காலத்தில் இராஜஸ்தான் முதலிய பகுதிகளில் வறட்சியால் மக்கள் பசித்திருந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் அவ்வாண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தை நாடியது. நவம்பர் 28-இல் வந்த ஆணை, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவை நாடெங்கும் வழங்கச் சொன்னது. 'உபரி' என்று அதுவரை ஏட்டில் எழுதப்பட்டிருந்த தானியம் உண்மையில் உபரிதானா? வாங்க இயலாதவனின் பசி கணக்கில் ஏறவில்லை. ஆகவே தானியம் மிஞ்சியது.

இது அரசின் பிழை என்று சொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது. நம் வீட்டுக் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான். 'தேவைக்குப் போக மிஞ்சினால் கொடுப்பேன்' என்று நல்ல மனத்துடன் சொல்பவர் பலர். பத்தாயிரம் ரூபாய் சம்பளத்தில் மிஞ்சாதது இருபதாயிரத்திலும் மிஞ்சுவதில்லை. வருவாய் ஓரடி ஏறினால் தேவை என்னும் கோடும் ஓரடி ஏறிக்கொள்கிறது. கொடுக்க விரும்பியவர் பொய் சொல்லவில்லை. அவர் காத்திருந்த மிச்சம் வந்து சேரவில்லை, அவ்வளவே.

நம் சான்றோர் இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் வியப்புக்குரியது. மிச்சத்தின் அளவைப் பற்றி அவர்கள் அதிகம் பேசவில்லை, வரிசையை மாற்றிவிட்டார்கள். கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில், வேள்வியில் எஞ்சியதை உண்பவரைக் கண்ணன் புகழ்கிறான்; தனக்காக மட்டுமே சமைப்பவரைக் கடிந்துரைக்கிறான். விருந்தோம்பல் அதிகாரத்தில் வள்ளுவர் ஆளும் சொல் 'மிச்சில்'. விருந்தினர் உண்டபின் எஞ்சுவதே இல்லத்தானின் உணவு. இங்கே எக்ஸ்ட்ரா என்பது பிறருக்குப் போகும் பங்கு அன்று. நமக்கு வரும் பங்கு!

அப்படியானால் பிள்ளையின் படிப்புக்கும் முதுமையின் நோய்க்கும் சேமிப்பது தவறா என்று ஓர் இல்லறத்தார் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதே வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில், தன் பொருளின் அளவு அறியாமல் கொடுப்பவன் விரைவில் கெடுவான் என்றும் எச்சரித்திருக்கிறார். ஆகவே அளவு வேண்டும், கோடு வேண்டும். ஆனால் அதை எப்போது வரைகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செலவெல்லாம் முடிந்தபின் வரைந்தால் கோட்டுக்கு அப்பால் ஒன்றும் இராது. முன்னரே வரைந்தால் சிறிய கோடும் நிற்கும்.

படிப்பறியாத நம் பாட்டிமார் இதைச் செய்துவந்தார்கள். காஞ்சிப் பெரியவர் பரப்பிய பிடியரிசி வழக்கத்தைப் பலர் அறிந்திருப்பீர்கள். சமையலுக்கு அரிசியை அளந்தவுடன், களைவதற்கு முன், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். பானை நிறைந்ததும் அது அன்னதானத்துக்குப் போகும். பண்டிகை நாளிலும் ஒரு பிடிதான். கைக்கும் வாய்க்கும் எட்டாத மாதக் கடைசியிலும் அதே ஒரு பிடிதான். மீதி அரிசி உலைக்குப் போகும். அதைத்தான் வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து உண்பார்கள்.