சூரைச் செடியின் நிழலில்

கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி இரவுக்கும் அதற்கு மறுநாட் காலைக்கும் இடையே கிடக்கும் தூரம் எத்துணை என்பதை, அதைக் கடந்து வந்தவர்களே அறிவார்கள். மூன்று நாள் கீற்றுப் பந்தலில் மணல்மீது பாய் விரித்து உட்கார்ந்து, பாடிப் பாடித் தொண்டை கட்டிக்கொண்டு, கடைசி இராத்திரியில் கண்ணீர் பெருக எழுந்து நின்று தம்மை முற்றிலும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்த ஒருவர், மறுநாள் ஊருக்குத் திரும்ப அவ்வழியே நடந்து வரும்போது, பந்தற்காரர்கள் கீற்றுகளை அவிழ்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பதையும், ஒலிபெருக்கிக்காரர் கம்பியைச் சுற்றிக்கொண்டிருப்பதையும் காண்கிறார். வீடு சேர்ந்தால், விட்டுச் சென்ற கடனும், பங்காளியோடுள்ள மனஸ்தாபமும், தம்முடைய முன்கோபமும் வைத்தது வைத்தபடியே இருக்கின்றன. நான்காம் நாள் முழந்தாளிட்டால் ஜெபம் வருவதில்லை; வேதத்தைத் திறந்தால் எழுத்துத் தெரிகிறதேயொழிய அதனுள்ளிருந்து பேசிய குரல் கேட்பதில்லை. அப்பொழுது, வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படத்தக்க ஒரு கேள்வி அவருடைய அந்தரங்கத்தில் எழுகிறது: அன்றிரவு எனக்கு நேர்ந்தது தேவனுடைய செயல்தானா, அன்றிக் கூட்டத்தின் ஆரவாரத்தால் உண்டான மயக்கமா?

இக்கேள்விக்கு நம் சபைகளில் இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. எங்கேயோ பாவத்துக்கு இடங்கொடுத்துப் பின்வாங்கிப் போய்விட்டீர் என்பது ஒன்று. அடுத்த மாதம் இதைவிடப் பெரிய கூட்டம் நடக்கிறது, அங்கே வாரும் என்பது மற்றொன்று. முன்னது, நோயாளியை நோய்க்காகத் தண்டிப்பது போன்றது. பின்னது, விருந்துண்டவனுக்கு மறுநாள் பசித்தால் விருந்தையே அவனுடைய தினசரி ஆகாரமாக்க வேண்டும் என்று எண்ணுவது போன்றது. சிற்சில வேளைகளில் இவ்விரண்டிலும் உண்மையுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இத்தகைய சோர்வைப்பற்றி வேதாகமம் விவரமாய்ச் சொல்லும் ஒரு சரித்திரத்தை நிதானமாக வாசிப்பவர்களுக்கு, தேவன் இவ்விரண்டு விடைகளில் ஒன்றையும் அங்கே கையாளவில்லை என்பது புலனாகும்.

அது எலியாவின் சரித்திரம். இராஜாக்களின் முதலாம் புத்தகத்தில் 18-ஆம், 19-ஆம் அதிகாரங்களில் உள்ளது. கர்மேல் பர்வதத்தில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே ஒற்றை ஆளாக நின்று, இடிந்து கிடந்த பலிபீடத்தைச் செப்பனிட்டு, விறகின்மேலும் பலியின்மேலும் குடங்குடமாகத் தண்ணீரை ஊற்றச்செய்து ஜெபித்தபோது, வானத்திலிருந்து அக்கினி இறங்கி எல்லாவற்றையும் பட்சித்தது. ஆண்டுக்கணக்கில் பெய்யாத மழையும் அன்றே பெய்தது. அந்த ஆனந்த வேகத்தில் தீர்க்கதரிசி, ஆகாப் ராஜாவின் இரதத்துக்கு முன்னாக யெஸ்ரயேல்மட்டும் ஓடினார். ஓர் ஊழியக்காரன் ஆசைப்படக்கூடிய சிகரம் இதற்குமேல் இல்லை. ஆனால் அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, அரசி யேசபேல் ஆளனுப்பிச் சொன்ன ஒரு பயமுறுத்தலைக் கேட்டு, நாட்டின் தென்கோடியிலுள்ள பெயெர்செபாவரைக்கும் ஓடி, உடன்வந்த வேலைக்காரனையும் அங்கே விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் நடந்து, ஒரு சூரைச் செடியின்கீழ் உட்கார்ந்து, இனிப் போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடுகிறார்.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது அவர் பயந்ததைவிட, அவர் மறந்ததையே. தாம் ஒருவரே மிஞ்சியிருப்பதாக அவர் பின்னர் ஓரேப் பர்வதத்தில் முறையிடுகிறார். ஆனால், அரமனை விசாரிப்புக்காரனாகிய ஒபதியா, கர்த்தருடைய தீர்க்கதரிசிகள் நூறுபேரைக் கெபிகளில் ஒளித்துவைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றிய செய்தியை, கர்மேலுக்கு முன்னரே அவரிடத்தில் நேராகச் சொல்லியிருந்தான். காதால் கேட்ட அந்த நூறுபேரும் சோர்வு வந்தபோது கணக்கிலிருந்து மறைந்துபோனார்கள். உள்ளத்தின் இருளுக்கு இது இயல்பு. நம்மிடம் இல்லாததைப் பெரிதாகக் காட்டுவதோடு நில்லாமல், உள்ளதையும் இல்லையென்று சாதிக்க அது வல்லது. ஆதலால் அந்நேரத்தில் நம்மைப்பற்றியும், நம் சபையைப்பற்றியும், முன்னே நாம் அடைந்த அனுபவத்தைப்பற்றியும் நம் மனம் சொல்லும் சாட்சியை அப்படியே ஏற்றுக்கொள்வது நியாயமாகாது.

மரணத்தை வேண்டிய அந்த ஜெபத்துக்குக் கிடைத்த பதில் யாது? தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, விசுவாசத்தைப்பற்றிப் பிரசங்கிக்கவுமில்லை. தூங்க விட்டார். பின் ஒரு தூதன் தட்டி எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. புசித்துக் குடித்துத் திரும்பவும் படுத்துக்கொண்டவரை மறுபடியும் எழுப்பி, பிரயாணம் நெடுந்தூரமாகையால் இன்னும் சாப்பிடு என்று உபசரித்தான். இவ்வளவே. பர்வதத்தில் நின்ற களைப்பும், இரதத்துக்கு முன் ஓடிய களைப்பும், தேசத்தின் நீளத்தைக் கடந்த களைப்பும் அந்தச் சரீரத்தில் ஏறியிருந்தன. சரீரத்தைப் படைத்தவருக்கு அது தெரிந்திருந்தது. தூக்கத்தையும் உணவையும் பறிகொடுத்து இரவிரவாகக் கண்விழித்து ஜெபித்தபின் வருகிற வெறுமையை, உடனே ஆத்துமாவின் வீழ்ச்சியென்று முடிவுகட்டிவிடும் நாம், அந்த அடையையும் தண்ணீரையும் சற்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, இச்சரித்திரத்தில் பலரும் விரைந்து கடந்துபோகும் ஓர் இடம் உண்டு. அந்தப் போஜனத்தின் பலத்தினால் நாற்பது நாள் நடந்து ஓரேபின் கெபியை அடைந்த எலியாவிடம், இங்கே உனக்கு என்ன காரியம் என்று கர்த்தர் கேட்கிறார். எலியா தம் முறையீட்டைச் சொல்கிறார். பிறகு பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோகின்றன. அவற்றில் கர்த்தர் இருக்கவில்லை. கர்மேலில் பதில் சொன்ன அதே அக்கினிதான், ஓரேபில் வெறும் அக்கினியாகக் கடந்துபோயிற்று. அதன்பின் மெல்லிய சத்தம் ஒன்று உண்டாக, எலியா முகத்தை மூடிக்கொண்டு கெபியின் வாசலில் வந்து நிற்கிறார். மெல்லிய சத்தத்தோடு சோர்வு தீர்ந்தது என்று நாம் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் வேதம் அப்படிச் சொல்லவில்லை. அதே கேள்வி இரண்டாம் முறை கேட்கப்படுகிறது. எலியாவும் முன் சொன்ன முறையீட்டையே, ஒரு வார்த்தையும் மாறாமல், இரண்டாம் முறையும் சொல்கிறார். தேவனுடைய பிரசன்னமே தம் முன் கடந்துபோன பின்னரும், அவருடைய துயரம் ஓர் எழுத்தளவும் குறையவில்லை!

ஒரு சிகரத்தின்பின் வந்த சோர்வுக்கு இன்னொரு சிகரம் மருந்தாவதில்லை என்பதே இவ்விடத்தின் உபதேசம் என்று நான் கருதுகிறேன். பின் அவருக்கு மருந்தாக அளிக்கப்பட்டது யாது? நீ வந்த வழியே திரும்பிப் போ என்ற கட்டளை. ஆசகேலையும் யெகூவையும் எலிசாவையும் அபிஷேகம் பண்ணும் மூன்று வேலைகள். பாகாலுக்கு முழங்காற்படியிடாத ஏழாயிரம் பேர் உண்டு என்னும் செய்தி. வேலையும் கூட்டாளியுமே அவருக்குக் கிடைத்த பரிகாரம்.

இதே உண்மையைச் சபையின் சரித்திரமும் வேறு வேறு பாஷைகளில் பேசுகிறது. ஸ்பெயின் தேசத்து லொயோலா இஞ்ஞாசியார், 1521-ஆம் ஆண்டில் பம்ப்லோனா யுத்தத்தில் பீரங்கிக் குண்டினால் கால் முறிந்து கிடந்த படுக்கையில் மனந்திரும்பியவர்; மறு ஆண்டில் மன்ரேசா என்னும் ஊரில் தவம் பூண்டிருந்தபோது, மாதக்கணக்கான சந்தோஷத்தின்பின், உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று எண்ணும் அளவுக்குக் கொடிய மனக்கலக்கத்துக்கு ஆளானார். அந்த அனுபவத்தில் விளைந்து, 1548-இல் பாப்பரசர் மூன்றாம் பவுலின் அங்கீகாரம் பெற்ற அவருடைய ஆன்மிகப் பயிற்சி நூல், ஆறுதற்காலம், வறட்சிக்காலம் என்று ஆத்துமாவின் இரு பருவங்களைப் பிரித்து, வறட்சிக்காலத்தில் முன் செய்த தீர்மானங்களை மாற்றலாகாது என்றும், ஆறுதற்காலத்திலேயே வரப்போகிற வறட்சியை நினைத்துப் பலம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் விதிக்கிறது. கோடைக்காக ஏரியில் நீர் தேக்கிவைக்கும் நம் உழவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. வறட்சிக்கு அசட்டை ஒரு காரணமாகலாம் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. பரிசோதனையும் அதற்குக் காரணமாகலாம். ஆறுதல் என்பது நம் சம்பாத்தியமன்று, தேவனுடைய ஈவே என்று நாம் அறியும்பொருட்டும் அது வரலாம்.

மெதடிஸ்டு இயக்கத்தின் மூலபுருஷரான ஜான் வெஸ்லி, 1738 மே 24-ஆம் நாள் மாலை, இலண்டன் ஆல்டர்ஸ்கேட் வீதியில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முகவுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோது, தம் இருதயத்தில் ஒரு வெப்பம் பரவியதை உணர்ந்தார். அச்சம்பவத்தைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் அன்றிரவே, இது மெய்யான விசுவாசமானால் சந்தோஷம் எங்கே என்ற சந்தேகம் அவரைத் தாக்கிற்று. சமாதானம் விசுவாசத்துக்கு உரியதாயினும், பரவசத்தைத் தேவன் சிலவேளை கொடுத்தும் சிலவேளை நிறுத்திவைத்தும் வருகிறார் என்று தேறிக்கொண்டார். அப்படித் தேறியவரே, 1739 ஜனவரி 4-ஆம் தேதியில், தாம் ஒரு கிறிஸ்தவனே அல்லவென்று தம் நாட்குறிப்பில் எழுதினார். மூன்று மாதங்களுக்குள், அவ்வாண்டு ஏப்ரல் 2-ஆம் நாள், நண்பர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு அழைத்ததன் பேரில், தயக்கத்தோடு பிரிஸ்டலுக்குப் போய், திறந்தவெளியில் ஏழை ஜனங்களுக்குப் பிரசங்கிக்கத் தொடங்கினார். ஆல்டர்ஸ்கேட்டின் வெப்பத்தைத் தேடி அவர் அவ்வீதிக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்திருப்பாராயின், வயல்வெளியில் காத்திருந்த அந்த ஜனங்கள் அவரைக் கண்டிருக்கமாட்டார்கள்.

எல்லாப் பள்ளத்தாக்குகளும் இவ்வாறு திறந்தவெளியில் போய் முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓல்னி என்னும் ஊரில் குருவாயிருந்த ஜான் நியூட்டனோடு சேர்ந்து, 1779-இல் வெளிவந்த ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குப் பாடல்கள் இயற்றிய கவி வில்லியம் கௌப்பர், 1773-இல் கடும் மனநோய்க்கு ஆளாகி, தேவன் தம்மைத் தள்ளிவிட்டார் என்று நம்பலானார். 1800-இல் இறக்குமட்டும் அந்நினைவு அவரை முற்றிலும் விடவில்லை. நியூட்டன் தம் வீட்டிலேயே அவரை ஓராண்டுக்கு மேல் வைத்துப் பராமரித்தார். பிற்பாடு கௌப்பர் மூன்று முயற்குட்டிகளை வளர்த்தும், தச்சுவேலையும் தோட்டவேலையும் செய்தும் நாட்களைத் தள்ளினார். இத்தகைய துயரம் பாவமுமன்று, அவிசுவாசமுமன்று, அது வியாதி. உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் விட்டுப்போய், சாவே மேலென்று தோன்றுகிறவர்களை வைத்தியரிடம் அழைத்துப் போவதும், தனியே விடாமல் உடனிருப்பதும், தூதன் கொண்டுவந்த அடைக்கும் தண்ணீருக்கும் ஒப்பான ஊழியமே. அவர்களைக் குறைகூறும் போதகர், சூரைச் செடியின்கீழ் தேவன் காட்டிய மரியாதையை அறியாதவர்.

ஆகவே, பந்தல் பிரிக்கப்பட்ட பிறகு வீட்டுக்கு வந்து வெறுமையாய் உட்கார்ந்திருக்கும் சகோதரருக்கு நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. நன்றாகத் தூங்கும்; வேளைக்குச் சாப்பிடும். ஜெபம் வறண்டிருந்தால் வறண்ட ஜெபத்தையே செய்யும், சுருக்கமாயிருந்தாலும் குற்றமில்லை. கடைசி இரவில் செய்த தீர்மானத்தை நான்காம் நாளின் மனநிலையைக் கொண்டு கலைத்துவிட வேண்டாம். பங்காளியோடுள்ள மனஸ்தாபத்தைத் தீர்க்க ஒருமுறை அவன் வாசலை மிதியும். உம்மைப்போலவே பேசாமல் துயரப்படும் ஒருவர் அடுத்த தெருவில் இருக்கலாம். அவரைத் தேடிப் போம்.

ஓரேபிலிருந்து இறங்கிய எலியாவின் துயரம் தீர்ந்ததென்று வேதம் ஓரிடத்திலும் எழுதவில்லை. அவர் புறப்பட்டுப் போனார் என்று மாத்திரம் சொல்லிவிட்டு, அடுத்தபடி நம்மை ஒரு வயலுக்கு அழைத்துச் செல்கிறது. அங்கே பன்னிரண்டு ஏர் மாடுகள் உழுதுகொண்டிருந்தன. பன்னிரண்டாம் ஏரை ஓட்டிக்கொண்டிருந்த எலிசாவின் அருகே எலியா போய், தம் சால்வையை அவன்மேல் போட்டார். வானத்திலிருந்து அக்கினி இறங்கவில்லை, ஜனங்கள் ஆரவாரிக்கவுமில்லை. தாம் ஒருவரே மிஞ்சியிருப்பதாக இரண்டு முறை முறையிட்ட அந்த மனிதர், அன்றுமுதல் தனியாக இருக்கவில்லை.