கட்டுப்பாடும் மனச்சான்றும்

பலர் கூடிப் பணியாற்றும் இடமெங்கும் கட்டுப்பாடு இன்றியமையாதது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின் கட்டுப்பாடு என்பது பணியாளன்மீது கொள்ளும் ஐயத்தின் வெளிப்பாடா, அன்றி அவனிடம் ஒப்படைக்கும் பொறுப்பா? நிறுவனத்தின் விளைதிறன் மட்டுமன்றி, மனிதனை நாம் எவ்வாறு மதிக்கின்றோம் என்பதும் இவ்வினாவிலே தங்கியுள்ளது.

அறிவியல்முறை முகாமைத்துவத்தின் கோட்பாடுகளை 1911இல் நூலாக வெளியிட்ட பிரெட்ரிக் டெய்லர், தொழிலைச் சிறுசிறு அசைவுகளாகப் பகுத்து, கடிகாரங்கொண்டு அளந்து, செய்யும் முறையை முகாமையாளரே வகுத்தல் வேண்டும் என்றார். உற்பத்தி பெருகியது உண்மையே. ஆயினும் சிந்தித்தல் ஒருவருக்கு, உழைத்தல் வேறொருவருக்கு என்னும் பிரிவினையும் வேரூன்றிற்று.

இப்பிரிவினையின் விளைவை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பிரீமொன்ற் நகரிலே கண்டனர். அங்கிருந்த ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிற்சாலையில், பழுது காணப்பட்டாலும் உற்பத்தித் தொடர் ஓடிக்கொண்டேயிருத்தல் வேண்டும். வேலைக்கு வராதோர் தொகையோ பெரிது. 1982இல் அது மூடப்பட்டது. 1984இல் டொயோட்டா நிறுவனத்துடன் கூட்டாக மீண்டும் திறக்கப்பட்டபோது, பெரும்பாலும் பழைய தொழிலாளரே சேர்க்கப்பட்டனர். ஆயின் இம்முறை, பழுதைக் கண்டவர் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம் என்னும் உரிமை அவர்களுக்கு இருந்தது. விரைவிலேயே அங்கு உருவான வாகனங்கள் தரத்தாற் புகழ்பெற்றன. கட்டுப்பாடு தளர்ந்தமையால் இது நிகழ்ந்ததெனக் கருதுதல் தவறு. ஒவ்வோர் அசைவும் முன்போலவே வினாடிக் கணக்கில் அளக்கப்பட்டது. கடிகாரமே கைமாறியிருந்தது: தொழிலாளர் குழுவினர் தம் வேலையைத் தாமே அளந்து முறை வகுத்தனர்.

இதற்கு மாறானது வெல்ஸ் பார்கோ என்னும் அமெரிக்க வங்கியின் கதை. அங்கு ஊழியர்மீது கடுமையான விற்பனை இலக்குகள் சுமத்தப்பட்டன. அவற்றை எட்டும்பொருட்டு, வாடிக்கையாளரின் இசைவின்றியே இலட்சக்கணக்கான கணக்குகள் திறக்கப்பட்டன. 2016இல் 18.5 கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 5,300 ஊழியர் பணிநீக்கம் செய்யப்பட்டமையும் வெளிப்பட்டது. எண்ணிக்கையை மட்டும் கேட்டவர்கள் எண்ணிக்கையையே பெற்றனர். வங்கிக்கு உயிரான நம்பிக்கையை இழந்தனர்.

பொறுப்பளித்தலும் உழைப்பைச் சுரண்டும் நுண்ணிய உபாயமே என்பர் சிலர். இது புறக்கணிக்கத்தக்க கூற்றன்று. பிரீமொன்றிலும் வேலையின் வேகம் கடுமையாகவே இருந்தது. எனினும், அளிக்கப்பட்ட பொறுப்பு மெய்யானதா என அறிய ஓர் உரைகல் உண்டு. மேலோர் விரும்பாத வேளையிலும் கயிற்றை இழுத்தவன் தண்டனையின்றி நிற்க முடியுமா என்பதே அது.

நாளை பிறரை வழிநடத்தும் பொறுப்பு நம்மிற் பலரைச் சாரும். "இது தவறு" எனக் கூறும் துணிவைக் கீழுள்ளோரிடம் வளர்க்கும் கட்டுப்பாடே நிறுவனத்தையும் காக்கும்; மனிதனையும் காக்கும்.