ஹெங்யாங், 1944: சில குறிப்புகள்

தெற்கே பறந்துவரும் காட்டு வாத்துகள் ஹெங்யாங் ஊரைத் தாண்டிப் போகாது, குளிர்காலத்தை அங்கேயே கழித்துவிட்டுத் திரும்பிவிடும் என்பது சீனர்களின் பழைய நம்பிக்கை. ஊரின் தெற்கே அந்த வாத்துகளின் பெயரைத் தாங்கிய ஒரு சின்னக் குன்று உண்டு. 1944 கோடையில் அந்தக் குன்றும் காவல் வரிசையில் ஒன்றாயிற்று. அதையொட்டித் தென்மேற்கே கிடந்த மேடுகளில்தான், ஊரைக் காத்த சீனப் படைக்கும் தாக்க வந்த ஜப்பானியப் படைக்கும் இடையே நடந்த 47 நாள் சண்டையின் கொடிய பகுதி நடந்தது.

*

ஹூனான் மாகாணத்து ஊர். சியாங் ஆற்றின் மேற்குக் கரையில், இரண்டு ரயில் பாதைகள் கூடும் இடத்தில் இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் அப்போது அமெரிக்க விமானங்கள் இறங்கும் தளம் இருந்தது. அந்த விமானங்களுக்கான பெட்ரோலே அசாமிலிருந்து இமயத்தைக் கடந்து வானவழியாக வந்தது. ஜப்பான் ராணுவத்துக்கு இந்தோசீனா வரை தரைவழி வேண்டும். விமானத் தளங்களும் ஒழிய வேண்டும். ஜூன் 18 அன்று வடக்கே இருந்த சாங்ஷா நகரம் விழுந்தது. ஒரு வாரத்துக்குள் ஜப்பானியப் படை ஹெங்யாங்கை நெருங்கிவிட்டது.

உள்ளே சீனத் தளபதி ஃபாங் சியென்ஜுவேயின் பத்தாவது படை, ஏறத்தாழ 17,000 பேர். இரண்டு வாரம் தாக்குப்பிடித்தால் போதும், உதவிப் படை வந்துவிடும் என்பது மேலிடத்தின் கணக்கு.

*

மேடுகளை ஃபாங்கின் ஆட்கள் தயார் செய்த விதத்தை மறுபடியும் மறுபடியும் படிக்கிறேன். எதிரி வரும் பக்கத்துச் சரிவுகளை, வரப்பை மண்வெட்டியால் செதுக்குவதுபோல, நேர்குத்தாகச் செதுக்கிவிட்டார்கள். ஏறி வருகிறவனுக்குக் கால் வைக்க இடமில்லை. மேலே இருப்பவன் தலையை நீட்டவே வேண்டாம். கையெறி குண்டை விளிம்பில் உருட்டிவிட்டால் ஆயிற்று. இயந்திரத் துப்பாக்கிகளை நேரெதிரே வைக்காமல் பக்கவாட்டில் வைத்தார்கள். ஒன்றின் குறி மற்றொன்றின் குறியைக் குறுக்கே வெட்டும். அந்த வெட்டுக்குள் அகழியும் வயலும் குளமும்.

முதலில் இதன் புத்திசாலித்தனம்தான் மனத்தில் நிற்கிறது. தாளில் கோடு போட்டுப் பார்க்கக்கூடத் தோன்றுகிறது. செதுக்கிய சுவரின் அடியில் வந்து விழுந்தவர்கள் பிறகுதான் நினைவுக்கு வருகிறார்கள். தாக்க வந்த 116ஆம் டிவிஷன் கியோட்டோவில் திரட்டப்பட்டது. கோயில் மணியோசைக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகள் பலர் அதில் இருந்திருப்பார்கள். ஜூன் கடைசியில் ஒரு பெருந்தாக்குதல், ஜூலை 11இல் இன்னொன்று. ஜாங்ஜியாஷான் என்ற ஒரே மேடு எத்தனையோ முறை கைமாறியது. ஹூனானின் ஜூலை வெயிலில் இரு தரப்புப் பிணங்களும் எடுத்து அடக்க முடியாமல் கிடந்தன. வெற்றி தோல்வியை மட்டும் படிக்கும்போது அந்த நாற்றம் நம்மை எட்டுவதில்லை.

*

ஊர்மக்களைப் பெரும்பாலும் முன்னமே ரயிலேற்றி அனுப்பியிருந்தார்கள். மிஞ்சிய வீடுகளைத் தீக்குண்டுகள் எரித்தன. சிப்பாய்கள் இடிபாடுகளைத் தோண்டிக் கருகிய அரிசியை எடுத்துச் சமைத்தார்கள். தொட்டுக்கொள்ள உப்பு நீர். மருந்து தீர்ந்தபின் காயத்தைக் கழுவியதும் உப்பு நீரால்தான்.

உதவிப் படை வரவில்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது அநியாயம். 62ஆம் படை ஊரின் எல்லை வரை வந்தது. அதை எதிர்கொண்டு அழைத்துவர உள்ளிருந்து 150 பேர் அளவில் முற்றுகையை உடைத்துக்கொண்டு போனார்கள். குறித்த இடத்தில் யாரும் இல்லை. வந்த படை அதற்குள் பின்வாங்கியிருந்தது. போனவர்கள் அங்கிருந்தே தப்பி வேறெங்காவது போயிருக்கலாம். ஆனால் மறுபடி சண்டையிட்டுக்கொண்டே, வழியில் பலரைப் பறிகொடுத்து, முற்றுகைக்குள்ளேயே திரும்பினார்கள். இந்தச் சண்டையில் என்னை மிகவும் உலுக்குவது இதுதான். உள்ளே அவர்களுக்குக் காத்திருந்தது கருகிய சோறும் கூட இருந்தவர்களும் மட்டுமே.

*

ஆகஸ்ட் 4இல் மூன்றாவது பெருந்தாக்குதல். 7ஆம் தேதி ஃபாங் கடைசித் தந்தியை அனுப்பினார். எதிரி வடக்கு வாசல் வழியாக நுழைந்துவிட்டான், அடைக்க ஆளில்லை, உயிரைக் கொடுத்துக் கடமையை முடிப்போம், இனி மறுபிறவியில் சந்திப்போம் என்பது அதன் சாரம். சீனா முழுவதும் அந்தத் தந்தியைப் படித்து அழுதது.

மறுநாள் அவர் சரணடைந்தார்.

*

1946 தொடக்கத்தில், அங்கே போரிட்ட தளபதிகளில் ஒருவரான கெ சியென்சாய் பழைய சிப்பாய்களுடன் திரும்பி வந்து எலும்புகளைப் பொறுக்கினார். 3,000க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள். கழுவி, அடுக்கி, ஜாங்ஜியாஷானிலேயே புதைத்தார்கள். மண்டையோடுகளைக் குவித்துவைத்து எடுத்த படம் இருக்கிறது. தன் ஆட்களின் எலும்பைத் தன் கையால் எடுத்துவைக்கும் வேலை எந்தத் தளபதிக்கும் வரக்கூடாது. வந்தபோது அதை வேறொருவர் தலையில் கட்டாமல் அவரே போய்ச் செய்தார்.

*

அந்தத் தந்தியையும் சரணடைந்ததையும் எதிரெதிரே வைத்து ஃபாங்கை இன்றும் விசாரிக்கிறவர்கள் உண்டு. ஆகஸ்ட் 8 அன்று அவரிடம் போராடத் தெம்புள்ளவர்களைவிட, படுத்த இடத்தைவிட்டு அசைய முடியாத காயம்பட்டவர்களே அதிகம். அவர்களைக் கொல்லக்கூடாது, சிகிச்சை தர வேண்டும் என்று அவர் தரப்பு நிபந்தனை வைத்தது. ஜப்பானியர் அந்த வாக்கை முழுதாகக் காப்பாற்றவில்லை. அது ஃபாங்கின் குற்றம் ஆகாது. அவர் அந்தக் குளிர்காலத்தில் தப்பித்து, சீனாவின் போர்க்காலத் தலைநகரான சோங்சிங் போய்ச் சேர்ந்தார். 1983இல் தைவானில் இறந்தார். தந்தியில் சொன்னபடியே அவர் இறந்திருந்தால் படுத்துக்கிடந்த அந்த ஆயிரக்கணக்கானோருக்காகக் கேட்க அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அதனால் நான் அவர் பக்கம் நிற்கிறேன்.